பெருங்குடலில் ஒரு பந்தி



இன்று காலை பசியாறும்போது உங்களில் பலர் தோசைக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். அந்தச் சாம்பாரில் நாலைந்து சின்ன வெங்காயம் கிடந்திருக்கும். அதை மென்று விழுங்கிவிட்டு வேலைக்கோ சந்தைக்கோ புறப்பட்டுவிட்டீர்கள். அந்த வெங்காயம் இப்போது எங்கே இருக்கிறது, அதற்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்றைய பேச்சில் அந்த வெங்காயத்தின் பின்னாலேயே சிறிது தூரம் போய் வருவோம்.

தோசையைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. அரிசியிலும் உளுந்திலும் உள்ள மாவுச்சத்து என்பது சர்க்கரை மணிகளைக் கோத்த ஒரு மாலை. அதை வெட்டும் கத்தரிக்கோல் நம்மிடமே உண்டு. வாயில் ஊறும் உமிழ்நீரிலும், கணையம் சுரக்கும் நீரிலும் இருக்கும் நொதிகள், அதாவது என்சைம்கள், அந்த மாலையை மணி மணியாக உதிர்த்துவிடுகின்றன. உதிர்ந்த மணிகளைச் சிறுகுடல் உறிஞ்சி இரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. தோசையின் கதை பெரும்பாலும் சிறுகுடலோடு முடிந்துவிடுகிறது.

வெங்காயம் அப்படியல்ல. அதில் இனுலின் என்றொரு பொருள் இருக்கிறது. இன்சுலின் வேறு, இது வேறு. பெயர்தான் ஏறக்குறைய ஒன்று போல் ஒலிக்கிறது. இனுலினும் சர்க்கரை மாலைதான். ஆனால் மணிகளை இணைத்திருக்கும் முடிச்சு வேறு விதமானது. அந்த முடிச்சை அவிழ்க்கக்கூடிய நொதி மனித உடலில் இல்லவே இல்லை. ஆகவே வாய், இரைப்பை, ஆறு மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் ஆகிய மூன்றையும் கடந்து, ஐந்தாறு மணி நேரத்திற்குப் பிறகு, ஏறக்குறையப் போட்டது போட்டபடியே அது பெருங்குடலுக்கு வந்து சேருகிறது.

"செரிக்காத பொருள் என்றால் கழிவுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. நார்ச்சத்து என்றால் மலத்தை இளக்கி வெளியே தள்ளும் துடைப்பம் என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. டெனிஸ் பர்க்கிட் என்ற அயர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் உகாண்டாவில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவர். மேலை நாட்டு மருத்துவமனைகளில் நாள்தோறும் பார்க்கப்படும் குடல் நோய்கள் ஆப்பிரிக்கக் கிராமத்து மக்களிடம் அரிதாக இருப்பதைக் கண்டு, அவர்கள் உண்ணும் நார்ச்சத்தே காரணமாக இருக்கலாம் என்று 1970-களில் ஓயாமல் எழுதியும் பேசியும் வந்தார். அவர் கண்டதில் உண்மை இருந்தது. ஆனால் அந்த நார் உள்ளே போய் என்ன செய்கிறது என்பதன் பெரும்பகுதி அவர் காலத்துக்குப் பிறகுதான் துலங்கிற்று.

பெருங்குடலில் நாம் தனியாக இல்லை, நேயர்களே. அங்கே பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நம் உடலின் உயிரணுக்களைப் போலப் பத்து மடங்கு நுண்ணுயிர்கள் உண்டு என்று முன்பெல்லாம் சொல்வார்கள். 2016-ஆம் ஆண்டு இஸ்ரேல் நாட்டு வைஸ்மான் கழகத்து ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்து, அது மிகை என்றார்கள். நம் உயிரணுக்கள் ஏறத்தாழ 30 லட்சம் கோடி, நுண்ணுயிர்கள் ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்பது அவர்கள் கணக்கு. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம்தான் இருக்குமாம். ஒரு சிறிய மாம்பழத்தின் எடை!

எடை சிறிதானாலும் திறமை பெரிது. நாம் உண்ணும் மாவுப்பொருள்களை வெட்டுவதற்கு மனித உடல் வைத்திருக்கும் நொதிகள் இருபது வகைக்கும் குறைவு. பெருங்குடலில் வாழும் பாக்டீராய்டிஸ் தீட்டாயோட்டாமைக்ரான் என்ற, நாக்கைச் சுளுக்கவைக்கும் பெயருடைய ஒரே ஒரு நுண்ணுயிரிடம் இருநூறு வகைக்கு மேல் இருக்கின்றன. நம்மிடம் இருப்பது ஒரு சாவிக்கொத்து என்றால், அதனிடம் ஒரு சாவிக் கடையே இருக்கிறது.

இந்த ஏற்பாடு தற்செயலாக வந்ததா என்று ஐயுறுவோர் தாய்ப்பாலைப் பார்க்க வேண்டும். தாய்ப்பாலில் உள்ள திடப் பொருள்களில் முதலிடம் பால் சர்க்கரைக்கு, இரண்டாமிடம் கொழுப்புக்கு. மூன்றாமிடம் ஒலிகோசாக்கரைடு எனப்படும் குறுஞ்சங்கிலிச் சர்க்கரைகளுக்கு. இவற்றில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. வியப்பு என்னவென்றால், பால் குடிக்கும் குழந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது! பெற்றவள் தன் உடலை வருத்திச் சுரக்கும் பாலில், பிள்ளைக்குச் செரிக்காத பொருளை ஏன் சேர்க்கிறாள்? அது பிள்ளையின் குடலில் குடியேறும் நுண்ணுயிர்களுக்காகச் சுரக்கப்படுகிறது. 1899-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் கழகத்தில் ஹென்றி டிசியே என்பவர், தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில் இருகிளையாகப் பிரிந்த வடிவமுள்ள நுண்ணுயிர் ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்று பிஃபிடோபாக்டீரியா என்று நாம் அழைக்கும் குடும்பம் அதுதான். அந்தக் குடும்பத்தில் ஒரு வகை, தாய்ப்பாலின் குறுஞ்சங்கிலிகளை அப்படியே வாரித் தன் உடலுக்குள் எடுத்துக்கொண்டு, உள்ளே வைத்து வெட்டித் தின்கிறது. வெளியே சிந்துவதில்லை. வேண்டாத கிருமிகளுக்கு அதனால் மிச்சம் கிடைப்பதில்லை. பிள்ளைக்கு ஊட்டுவதோடு பிள்ளையின் காவலனுக்கும் சேர்த்தே தாய் ஊட்டுகிறாள்.

இப்படி, நம் உடலில் குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் தெரிந்தெடுத்து உண்டு நமக்கு நன்மை செய்வதற்குக் காரணமான உணவுப் பொருளுக்கு, 1995-இல் கிளென் கிப்சன், மார்செல் ரொபர்ஃப்ராய்ட் என்ற இருவர் பிரிபயாட்டிக் என்று பெயரிட்டார்கள். கடைகளில் புரோபயாட்டிக் என்ற சொல்லையும் பார்த்திருப்பீர்கள். அது உயிருள்ள நுண்ணுயிரையே உண்பது. பிரிபயாட்டிக் என்பது ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்குப் போடும் தீனி. எல்லா நாரும் இந்தத் தகுதியைப் பெறுவதில்லை. கோதுமைத் தவிட்டின் முரட்டு நாரில் பெரும்பகுதி யாராலும் உண்ணப்படாமலே வெளியேறுகிறது. அதற்கும் வேலை உண்டு, ஆனால் அது வேறு வேலை.

சரி, நம் வெங்காயத்துக்கு வருவோம். அது பெருங்குடலின் வாசலில் காத்திருக்கிறது.

கலியாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று ஆட்கள் அமர்கிறார்கள் அல்லவா? பெருங்குடலிலும் அப்படித்தான். நீண்ட சங்கிலிகளை வெட்டத் தெரிந்தவர்கள் முதலில் அமர்கிறார்கள். பாக்டீராய்டிஸ் இனத்தைச் சேர்ந்தவை தங்கள் உடலின் வெளிப்புறத்திலேயே பிடிக்கும் கைகளையும் வெட்டும் கத்தியையும் வைத்திருக்கின்றன. சங்கிலியைப் பற்றி இழுத்து, துண்டாக நறுக்கி, துண்டுகளை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இப்படி வெட்டும்போது சில துண்டுகள் சிதறும். அவற்றை அக்கம்பக்கத்தில் உள்ளவை பொறுக்கிக்கொள்கின்றன. பிஃபிடோபாக்டீரியாவுக்குக் குறுந்துண்டுகள் என்றால் மிகவும் விருப்பம்.

பெருங்குடலின் உட்பகுதியில் பிராணவாயு இல்லை. ஆகவே இந்த நுண்ணுயிர்கள் சர்க்கரையை நம்மைப் போல முழுவதுமாக எரிக்க முடியாது. அவை அதைப் புளிக்கவைக்கின்றன. மாவு புளிப்பது எப்படியோ அப்படி. பிஃபிடோபாக்டீரியா தன் பங்கை உண்டுவிட்டு அசிட்டிக் அமிலத்தையும் லாக்டிக் அமிலத்தையும் வெளியே விடுகிறது. ஒன்று காடியின் புளிப்பு, மற்றொன்று தயிரின் புளிப்பு. இத்தோடு பந்தி முடிந்துவிடவில்லை. இப்போது இரண்டாம் பந்திக்காரர்கள் வருகிறார்கள். ஃபேக்காலிபாக்டீரியம், அனரோஸ்டிப்பிஸ் போன்றவை அந்த அமிலங்களையே எடுத்துக்கொண்டு பியூட்டிரிக் அமிலம் என்ற மூன்றாவது பொருளைச் செய்கின்றன. வெங்காயத்தை நேரே வெட்டத் தெரியாத ஒன்றுக்கும், வெட்டத் தெரிந்த ஒன்றின் எச்சம் உணவாகிறது. ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்று பட்டினி. இந்தப் பந்தியின் நுட்பமே இதுதான்.

பியூட்டிரிக் அமிலம் என்ற பெயர் வெண்ணெயிலிருந்து வந்தது. கெட்டுப்போன வெண்ணெயின் வாடை அதனுடையதுதான். வாடை எப்படியிருந்தாலும், பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் உயிரணுக்களுக்கு அதுவே முதன்மையான உணவு. தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கை அவை இதிலிருந்து பெறுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். உடலின் மற்ற உறுப்புகளெல்லாம் இரத்தம் கொண்டுவரும் சர்க்கரையையும் கொழுப்பையும் எதிர்பார்த்திருக்க, இந்தச் சுவர் மட்டும் நுண்ணுயிர்கள் சமைத்துக் கொடுப்பதை எதிர்பார்த்து இருக்கிறது. அந்த உயிரணுக்கள் பியூட்டிரேட்டை எரிக்கும்போது பிராணவாயுவைச் செலவழித்துவிடுகின்றன. அதனால் குடலுக்குள் பிராணவாயு கசிவதில்லை. பிராணவாயு கசிந்தால் அதை விரும்பும் தீய கிருமிகளுக்குக் கொண்டாட்டமாகிவிடும். எஞ்சிய அமிலங்கள் கல்லீரலுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் போய் ஆற்றலாகின்றன.

"நெய்யிலும் இது இருக்கிறதாமே, நெய் சாப்பிட்டால் போதாதா?" என்று ஒரு கேள்வி எழும். நெய்யில் இருப்பது உண்மைதான். ஆனால் அது பெருங்குடலுக்கு வரும் முன்பே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. வேண்டிய இடத்தில் வேண்டிய பொருளைச் சமைக்க அங்கேயே குடியிருப்பவர்களால்தான் முடியும்.

பந்தியில் கொஞ்சம் காற்றும் உண்டாகும். ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலருக்கு மீத்தேன். கடலை, பயறு சாப்பிட்டால் வயிறு உப்புகிறதே என்பார்கள். பருப்பு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை வெட்டவும் நம்மிடம் நொதி இல்லை. நுண்ணுயிர்கள் உண்ணும்போது வாயு பிறக்கிறது. இது நோயின் அறிகுறி அல்ல, அடுப்பெரிந்தால் புகை வருவது போன்றது. பயற்றை இரவே ஊறவைத்து அந்த நீரை வடித்துவிட்டு வேகவைத்தால் ஓரளவு குறையும்.

இனி, சோற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம்மவர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். சூடான வெள்ளைச் சோறு ஏறக்குறைய முழுவதும் சிறுகுடலிலேயே செரித்துவிடும். அதே சோறு ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி மீண்டும் இறுகிக் கெட்டிப்பட்டு, நம் நொதிகளுக்கு மசியாததாகிவிடுகிறது. அது பெருங்குடலுக்குப் போகிறது. 2015-இல் இந்தோனேசிய ஆய்வாளர்கள் அளந்தபோது, புதிதாக வடித்த 100 கிராம் சோற்றில் இத்தகைய மாவு 0.64 கிராம் இருந்தது. ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்துச் சூடாக்கிய சோற்றில் 1.65 கிராம். பழைய சோற்றை அமுதமென்று புகழ்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். கூடியிருப்பது ஒரு கிராம்தான். நல்லதுதான், ஆனால் அதை நம்பி மற்றதை விட்டுவிட முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் சோற்றை மேசைமேல் திறந்தபடி மணிக்கணக்காக வைத்தால் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி வளர்ந்து நஞ்சு உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு சாகாது. மிஞ்சிய சோற்றை விரைவில் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

பந்திக்கு இலை போடவில்லையென்றால் என்ன நடக்கும்? இதுதான் நாம் மிகவும் கருத வேண்டிய பகுதி.

2016-இல் அமெரிக்காவிலும் லக்ஸம்பர்க்கிலும் இருக்கும் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு மனிதக் குடலைச் சேர்ந்த 14 வகை நுண்ணுயிர்களைக் கொடுத்து, ஒரு பிரிவுக்கு நார் நிறைந்த தீனியும் மற்றொரு பிரிவுக்கு நாரே இல்லாத தீனியும் போட்டார்கள். நார் கிடைக்காத நுண்ணுயிர்கள் சும்மா இருக்கவில்லை. குடல் சுவரைக் காக்கும் சளிப்படலத்தைத் தின்னத் தொடங்கின. அந்தப் படலமும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனதுதானே! படலம் மெலிந்தது. அதன்பின் நோய்க் கிருமி ஒன்றைச் செலுத்தியபோது, அது மெலிந்த வேலியைத் தாண்டி எலிகளைக் கடுமையாகத் தாக்கியது. விருந்துக்கு வந்தவர்களைப் பட்டினி போட்டால் வீட்டுக் கூரையைப் பிய்த்துத் தின்பார்கள் போலும்.

எலிக்கு நடப்பதெல்லாம் மனிதனுக்கு நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆகவே மனிதரிடம் செய்த ஒன்றைக் கேளுங்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஓகீஃப் என்பவரும் அவர் குழுவினரும் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெருங்குடல் புற்றுநோய் மிகுந்த அமெரிக்கக் கறுப்பின மக்களில் 20 பேர், அந்நோய் மிக அரிதான தென்னாப்பிரிக்கக் கிராம மக்களில் 20 பேர். இரு சாராரும் இரண்டு வாரத்திற்கு உணவை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களின் நார்ச்சத்து நாளொன்றுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக உயர்ந்தது. ஆப்பிரிக்கர்களுடையது 66-இலிருந்து 12-ஆகத் தாழ்ந்தது. பதினான்கே நாளில் அமெரிக்கர் குடலில் பியூட்டிரேட் இரண்டரை மடங்காயிற்று. ஆப்பிரிக்கர் குடலில் பாதியாயிற்று. குடல் சுவரின் அழற்சியும், உயிரணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் வேகமும் முன்னவர்களுக்குக் குறைந்தன, பின்னவர்களுக்குக் கூடின. இதில் கொழுப்பும் இறைச்சியும் சேர்ந்தே மாறின என்பதை மறக்கக்கூடாது. பெருமை முழுவதையும் நாருக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் இரண்டு வாரத்தில் இவ்வளவு மாறும் என்று அதற்கு முன் பலரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

பெருங்குடல் புற்றுநோய் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. இது நமக்குத் தொலைதூரச் செய்தி அல்ல.

மற்றோர் ஆராய்ச்சி என்னை வெகுவாகச் சிந்திக்க வைத்தது. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய மொங், கரேன் இன மக்களின் குடல் நுண்ணுயிர்களை மினசோட்டா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் அதில் பங்குபெற்றார்கள். குடியேறிய சில மாதங்களிலேயே நாரை உடைக்கும் நுண்ணுயிர்கள் குறையத் தொடங்கின. அங்கே பிறந்த அடுத்த தலைமுறையிடம் இன்னும் குறைந்திருந்தன. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து 2016-இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. ஒரு தலைமுறை மட்டும் நாரின்றி இருந்தால், மறுபடி நாரைக் கொடுத்தபோது நுண்ணுயிர்களில் பல திரும்பின. நான்கு தலைமுறை தொடர்ந்தபின் நாரை மட்டும் கொடுத்துப் பயனில்லை. இல்லாமற்போன வகைகள் திரும்பவில்லை.

தோட்டத்து லயங்களின் பின்புறம் மரவள்ளியும் முருங்கையும் கீரையும் வளர்த்து உண்டவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்கள். பயறும் கேழ்வரகும் அவர்களுக்கு ஏழ்மையின் உணவு. வசதி வந்ததும் நாம் முதலில் கைவிட்டது அதைத்தான். இன்று காலையில் வெள்ளை ரொட்டி அல்லது ரொட்டி சானாய், நண்பகலில் வெள்ளைச் சோறு, இரவில் மீ கோரெங் என்று நாள் கழிகிறது. 200 கிராம் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம் நார்கூட இராது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிவுரைப்படி பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும்.

அதை எட்டுவது கடினமன்று. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏழெட்டுக் கிராம் உண்டு. நம்மவர்கள் காகிதக் கூம்பில் சுருட்டி விற்ற கச்சாங் பூத்தேயை நினைத்துப் பாருங்கள். 100 கிராம் கொய்யாவில் ஐந்து கிராம் உண்டு. வாழைக்காயின் மாவு பெரும்பாலும் நுண்ணுயிர்களுக்கே போகும். பழுத்துவிட்டால் அது நமக்குச் சர்க்கரையாகிவிடும். ஆனாலும் வாழைக்காயை வேகவைத்தால் அதில் ஒரு பகுதி நம் பங்குக்கு வந்துவிடுகிறது. வெங்காயம், பூண்டின் இனுலின் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே குழம்பில் போட்டது குழம்பிலேயே இருக்கும். குழம்பை மிச்சம் வைக்காதீர்கள். ஒரே பொருளை நிறைய உண்பதைவிடப் பல வகையாக உண்பது மேல். ஒவ்வொரு நாருக்கும் ஒவ்வொரு விருந்தாளி காத்திருக்கிறது. இனுலின் தூளை டப்பாவில் அடைத்தும் விற்கிறார்கள். தீங்கில்லை. ஆனால் அதில் ஒரே வகைத் தீனிதான் இருக்கும். சாம்பாரில் துவரம் பருப்பு, வெங்காயம், முருங்கைக்காய், கத்தரிக்காய் என்று எத்தனையோ வகை. விலையும் குறைவு.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே ஒரு சட்டி கடலையை உண்ண வேண்டாம். நெடுநாள் பட்டினி கிடந்த பந்தியில் திடீரென்று அண்டா அண்டாவாகக் கொட்டினால் வயிறு உப்பி வலிக்கும். வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள். குடல் எரிச்சல் நோய் உள்ள சிலருக்கு வெங்காயமும் பருப்பும் ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்டே மாற்ற வேண்டும். மலத்தில் இரத்தம் கண்டாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ, நாரைக் கூட்டிப் பார்ப்போம் என்று நாள் கடத்தாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.